மிதியாமையும் மறியாமையும்

ஜினதருமத்தை ஒரே சொல்லில் விளக்குமாறு பிறர் கேட்கும்போது நாம் 'அகிம்சை' என்கிறோம். அச்சொல்லை விரித்துரைக்கச் சொன்னால் கொல்லாமை, புலால் மறுத்தல், இரவுணவு நீத்தல், நீரை வடிகட்டிப் பருகுதல், நிலம் நோக்கி நடத்தல் என்று வரிசையாகக் கூறுகிறோம். இவை யாவும் நம் முன்னோர் பல தலைமுறைகளாகப் போற்றிக் காத்த ஒழுக்கங்களே. ஆயினும் அகிம்சை இவற்றோடு நிறைவுற்றுவிடுகிறதா? ஓர் உயிரைத் துன்புறுத்தாமல் இருந்துகொண்டே, அது செல்ல வேண்டிய வழியை அடைத்து நிற்பவனை அகிம்சை உடையவன் என்று கூற இயலுமா? கடந்த தை மாதத்தில், வேலூரை அடுத்த பாகாயத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள ஓர் ஏரிக்கரையில் இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்தது. அன்று முதல் அது நம்மை விட்டு நீங்கவில்லை. ஆதலின் அதனைச் சிராவக அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

ஏரிக்கரையில் நிகழ்ந்தது

நம் குடும்பத்துப் பெரியம்மாவுக்கு வயது 74. பக்கவாதத்தால் வலப்புறம் செயலிழந்த அவரை நடைப்பயிற்சிக்காகப் பாகாயத்திற்கு அழைத்து வந்திருந்தோம். நான்கு சுவர்களுக்குள் சில வாரங்கள் கழிந்தபின் ஒரு நாள் காலை, "எங்கேயாவது ஏரி இருந்தால் அழைத்துக்கொண்டு போங்கள். பறவைகளைப் பார்த்து வெகு நாளாயிற்று" என்றார். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில், ஏரிக்கு நேர் கீழே இருந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். கார்த்திகையில் ஏரி நிரம்பியதும் எந்தப் பறவை முதலில் வரும், எது பின்னர் வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவ்வாண்டு மழை நன்கு பெய்திருந்தமையால் ஏரியில் நீர் நிறைந்திருந்தது. கரையடியில் பறவைகளின் ஓவியங்களோடு ஓர் அறிவிப்புப் பலகையும் நின்றது. ஆனால் கரையின் மேல் ஏறுவதற்கு இருந்தவை 18 படிகள் மட்டுமே. அவற்றின் அருகில் சாய்வான வழி எதுவும் இல்லை. நாம் நால்வர் சக்கர நாற்காலியோடு பெரியம்மாவைத் தூக்கிக்கொண்டு ஏறத் தொடங்கினோம். ஏழாம் படியில் ஒருவரது கால் வழுக்கியது. நாற்காலி ஒருபுறம் சாய, ஒரு சக்கரம் கல்லில் மோதியது. அவர் கண்களை மூடிக்கொண்டு, இயங்கும் இடக்கையால் நம் தோளை இறுகப் பற்றினார்.

"போதும் தம்பி, இறக்கிவிடுங்கள்" என்றார். நாம் மீண்டும் முயல்வதாகக் கூறியும் இணங்கவில்லை. "மூட்டையைத் தூக்குவது போல என்னைத் தூக்கிக் கொண்டுபோய்க் காட்டினால், நான் பறவையையா பார்ப்பேன்? உங்கள் மூச்சிரைப்பைத்தான் பார்ப்பேன்" என்றார்.

கரையடியில் ஒரு புளிய மரத்து நிழலில் அவரை அமர்த்தினோம். கரைக்கு அப்பாலிருந்து வந்த ஒலிகளைக் கேட்டு, "இது முக்குளிப்பான், அது நாமக்கோழி" என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து, நம் முகம் பாராமலே, "எட்டு வருடமாக மலைமேல் இருக்கும் பகவானைக் கீழிருந்தே கும்பிடுகிறேன். இனி நாரையையும் கீழிருந்தே கேட்டுக்கொள்கிறேன்" என்றார். குறை கூறும் குரலில் அவர் அதனைச் சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் நம் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

அவ்வேரிக்கரையைக் கட்டியவர்கள் கொடியவர் அல்லர். படிகளை அமைத்தவர் யாரையும் துன்புறுத்த எண்ணியிருக்கமாட்டார். எவரும் எவரையும் வெறுக்காத இடத்தில், எவரும் ஒரு தீச்சொல்லும் கூறாத வேளையில், ஓர் உயிர் தான் காண விரும்பியதைக் காணாமல் திரும்பியது. இதற்கு என்ன பெயர்?

பாகாயம் கற்பித்த பாடம்

இவ்வினா பாகாயத்தில் எழுந்தது பொருத்தமே. 1954-ஆம் ஆண்டில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவரான மேரி வர்கீஸ் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அத்துடன் தம் வாழ்வு முடிந்தது என்று அவர் ஒதுங்கிவிடவில்லை. மருத்துவர் பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தோன்றியது. முதுகுத்தண்டு சிதைந்தோர் தங்கியிருந்து பயிற்சி பெறும் நிலையங்கள் நம் நாட்டில் இல்லாதிருந்த காலம் அது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986-இல் அவர் மறைந்தார்.

அவர் சமயம் வேறு. ஆயினும் அவரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அறுவை மேசையின் உயரத்தை அமர்ந்தவருக்கு ஏற்றவாறு அமைத்தவுடன், 'இயலாதவர்' என்று உலகம் கருதிய ஒருவர் பிறரை இயலச் செய்பவர் ஆனார். அவருடைய கால்கள் மாறவில்லை, மேசைதான் மாறியது. இயலாமையில் ஒரு பகுதி உடம்பில் இருக்கிறது. மற்றொரு பகுதி, உடம்புக்கு வெளியே நாம் கட்டிவைத்த மேசையிலும் படியிலும் வாயிலிலும் இருக்கிறது. முதற்பகுதியை மருத்துவரிடம் விட்டுவிடலாம். இரண்டாம் பகுதிக்கு நாமே பொறுப்பு.

பலகைப் பாதையில் ஈரியா சமிதி

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் இல்லத்திற்குச் சிங்கப்பூர் சென்றிருந்தபோது, அத்தீவின் வடமேற்குக் கோடியிலுள்ள சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தைக் கண்டோம். முன்னர் இறால் வளர்க்கும் குளங்கள் இருந்த சதுப்புநிலம் அது. 1993-இல் மக்கள் காண்பதற்குத் திறக்கப்பட்டு, 2002-இல் சட்டப்படி இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வடதுருவத்தை அடுத்த குளிர்நாடுகளிலிருந்து செப்டம்பர் முதல் மார்ச்சு வரை உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அங்கு வந்து இரை தேடி, இளைப்பாறிச் செல்கின்றன.

அங்கே அலையாத்தி மரங்களின் ஊடே, சேற்றுக்கு மேலே கால்கள் நாட்டிப் பலகைகளைப் பரப்பி ஒரு பாதை அமைத்துள்ளனர். அப்பாதையில் நடந்தபோது கீழே நோக்கினோம். சேற்றில் தத்திச் செல்லும் மீன்கள், ஒற்றைக் கொடுக்கை உயர்த்தி நிற்கும் நண்டுகள், நத்தைகள், புழுக்கள், பெயரறியாச் சிற்றுயிர்கள் என ஒவ்வோர் அடி நிலமும் உயிரால் நிறைந்திருந்தது. அச்சேற்றில் ஒருவர் இறங்கி நடந்திருந்தால், எத்துணைக் கவனத்தோடு நடந்திருப்பினும், அடிக்கு நூறு உயிர்கள் நசுங்கியிருக்கும்.

அப்போது நமக்கு ஈரியா சமிதி நினைவுக்கு வந்தது. முனிவர்கள் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி, பகலொளியில், உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் மெல்ல நடப்பர். அது ஒவ்வோர் அடியிலும் ஒருவர் தாமே காக்க வேண்டிய விழிப்பு. இல்லறத்தார்க்கு அவ்விழிப்பு எப்போதும் வாய்ப்பதில்லை. குழந்தைகளுக்கோ அறவே வாய்க்காது. ஆனால் அப்பலகைப் பாதையில் ஓடிய குழந்தைகள் ஒரு நண்டையும் மிதிக்கவில்லை. ஈரியா சமிதியை யாரோ மரத்தால் கட்டி வைத்தது போலிருந்தது அப்பாதை. அதற்காக ஒருவரது விழிப்பு தேவையற்றுப்போகும் என்று பொருளன்று. ஒருவர் முன்கூட்டியே மேற்கொண்ட விழிப்பு, பின்னால் வரும் பல்லாயிரவரைக் காக்கும் என்பதே பொருள்.

அப்பாதையிலே நமக்கு எதிரே ஒரு பெண்மணி தம் முதிய தந்தையைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். நாம் ஒதுங்கி வழிவிட்டோம். அம்முதியவர் புன்னகையோடு தலையசைத்துச் சென்றார். அவ்வளவே. அன்று அது நமக்கு வியப்பாகத் தோன்றவில்லை. பாகாயத்து ஏரிக்கரையில் பெரியம்மா அமர்ந்திருந்த நாளில்தான், அன்று கண்டது எத்துணைப் பெரிய காட்சி என்பது விளங்கிற்று. நண்டு மிதிபடாமைக்கும் முதியவர் வழி மறிக்கப்படாமைக்கும் அங்கே ஒரே பலகை காரணமாக இருந்தது. தாழ்ந்த உயிருக்கு இரங்கிய பாதையே, தளர்ந்த மனிதருக்கும் இரங்கியது.

மறைவறையில் இருந்து காண்டல்

அத்தகைய ஈரநிலங்களில் பறவைகளைக் காண்பதற்கு மரத்தால் சிறிய மறைவறைகளை அமைப்பர். உள்ளே அமர்ந்தவர் சுவரிலுள்ள நீண்ட திறப்பின் வழியே பறவைகளைக் காணலாம். பறவைகள் அவரைக் கண்டு அஞ்சிப் பறப்பதில்லை. இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றங்கரையில் சிலிம்பிரிட்ஜ் என்னுமிடத்தில், 1946-இல் பீட்டர் ஸ்காட் என்பார் நிறுவிய ஈரநில மையம் இவ்வகையில் புகழ் பெற்றது. அங்குச் சக்கர நாற்காலியில் வருவோரும் செல்லத்தக்க பாதைகளும் மறைவறைகளும் உள்ளன.

மறைவறையின் பயன் நமக்கு எளிதில் விளங்கும். அறிதலும் காண்டலும் உயிரின் இயற்கைக் குணங்கள் என்பது நம் ஆகமத் துணிபு. காண்பதற்காகப் பற்றவேண்டியதில்லை, அறிவதற்காக அலைக்கழிக்க வேண்டியதில்லை. மறைவறையில் அமர்ந்திருப்பவர் நாரை மீனைக் கவ்வுவதையும் காண்கிறார். அந்நாரையே குஞ்சுக்கு ஊட்டுவதையும் காண்கிறார். மீனுக்காக வருந்திக் கல்லெறிவதும் இல்லை. நாரையின் வேட்டையைக் கண்டு மகிழ்ந்து ஆரவாரிப்பதும் இல்லை. ஐம்பொறிகளும் ஓடிக்கொண்டே இருக்கும் இக்காலத்தில் அரை மணி நேரம் அவ்வாறு அமர்ந்திருப்பது, சாமாயிகத்திற்கு ஒரு முன்பயிற்சி என்றே கூறலாம்.

ஆனால் அத்திறப்பு நிற்பவரின் கண்மட்டத்தில் மட்டும் இருக்குமானால், அமர்ந்திருப்பவருக்கு அது வெறுஞ்சுவரே. நாற்காலியில் அமர்ந்தவரின் கண், தரையிலிருந்து ஏறத்தாழ 110 முதல் 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். திறப்பை அதற்கேற்பத் தாழ்த்தினால் குழந்தைகளும் காண்பர். திறப்பின் கீழுள்ள பலகைக்கு அடியில் முழங்கால் நுழைய இடம்விட்டால் நாற்காலி அருகே வரும். இவை அரிய தொழில்நுட்பம் அல்ல. அமர்ந்து பார்க்க ஒருவர் வருவார் என்ற நினைவு மட்டுமே வேண்டும்.

சாய்தளத்திற்கும் எளிய கணக்கு உண்டு. ஓர் அடி உயரம் ஏறுவதற்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. பெரியம்மாவைத் தடுத்த படிகளின் உயரம் ஏறத்தாழ 9 அடி. எனவே அங்கு வேண்டியிருந்தது, இடையே இளைப்பாறும் சமதளங்கள் நீங்கலாக, 108 அடி நீளமுள்ள சாய்தளம். நம் ஜபமாலையில் உள்ள மணிகளின் எண்ணிக்கையும் அதுவே. நாள்தோறும் நவகாரத்தை 108 முறை உருவேற்றுகின்ற நமக்கு, 108 அடிப் பாதை நீளமானதாகத் தோன்றலாகாது.

அந்தராயம் யாருடையது?

இனி வினாவின் உள்ளீட்டுக்கு வருவோம். எட்டுக் கருமங்களில் அந்தராயம் என்பது ஒன்று. அது உயிரின் குணங்களை மறைக்கும் காதி கருமங்கள் நான்கனுள் அடங்கும். கொடுத்தல், பெறுதல், ஒருமுறை துய்த்தல், பலமுறை துய்த்தல், ஆற்றல் ஆகிய ஐந்துக்கும் தடையாக நிற்பதால் அது ஐவகைப்படும். இக்கருமம் ஓர் உயிரில் வந்து சேர்வது எதனால்? பிறருடைய இவ்வைந்துக்கும் இடையூறு விளைத்ததனால். தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கரும வரவைப் பற்றிய விளக்கத்தை இந்த அந்தராயத்தோடுதான் முடிக்கிறது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்கியாக வேண்டும். நடக்க இயலாத ஒருவரைக் காணும்போது, 'அது அவருடைய பழவினை. நாம் என் செய்வது?' என்று கூறிவிட்டு நகரும் வழக்கம் நம்மவரிடையேயும் உண்டு. அச்சொல் கருமக் கொள்கையைப் போல ஒலிக்கிறது. ஆனால் கருமக் கொள்கை அன்று. கால் இயங்காமை அவரது அசாதா வேதனீயத்தின் பயன் எனக் கொள்வோம். அவ்வினை பயன் தந்தது காலில். வாயிலில் மூன்று படிகளை வைத்து, அவற்றின் அருகே ஒரு சாய்தளம் வைக்க மறந்தது யாருடைய வினை? அது அவருடைய பழவினை அன்று, நம்முடைய புதுவினை. கால் அவர் கணக்கில் இருக்கலாம்; படி நம் கணக்கில்தான் எழுதப்படும்.

'நாம் வேண்டுமென்று தடுக்கவில்லையே' எனச் சிலர் வினவலாம். எண்ணத்திற்கேற்பவே வினையின் அழுத்தம் அமையும் என்பது மெய்யே. ஆனால் நம் ஆசாரியர்கள் இம்சைக்குக் காரணமாகக் காட்டுவது வெறுப்பை மட்டுமன்று. பிரமாதத்தையும், அதாவது கவனமின்மையையும் காட்டுகின்றனர். நிலம் நோக்காது நடப்பவன் எறும்பை வெறுத்து மிதிப்பதில்லை, நோக்காமையால் மிதிக்கிறான். அதுபோலவே, யார் வருவார் என்று நோக்காமல் கட்டுபவன் வழியை மறிக்கிறான். மிதித்தலும் மறித்தலும் பிரமாதம் என்னும் ஒரே தாய் ஈன்ற இரு பிள்ளைகள்.

மேலும், பிணியாளரையும் முதியோரையும் பேணும் வையாவிருத்தியம் நம் தருமத்தில் அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது. உண்ணாநோன்பு புறத்தவம், தளர்ந்தவரைத் தாங்குதலோ அகத்தவம். இவ்வரிசை முறையை நாம் ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும்.

ஓர் எதிர்வாதம்

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர் நியாயமான ஒரு தடையை எழுப்பினார். "ஏரியிலும் சதுப்பிலும் தூண்களை நாட்டிப் பாதை அமைப்பதே இம்சை அல்லவா? மனிதர் மகிழ்ச்சிக்காகப் பறவைகளின் இருப்பிடத்தில் புகுவதைவிட, எவரும் செல்லாமலே இருப்பது உயர்ந்த அகிம்சை அல்லவா?" என்றார்.

இத்தடையை எளிதில் தள்ளிவிட இயலாது. இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுப்பர். வேண்டுமென்றே செய்யும் சங்கல்பியை இல்லறத்தான் முற்றிலும் நீக்க வேண்டும், சமைத்தல், கட்டுதல் முதலியவற்றில் நேரும் ஆரம்பியை அவனால் முற்றிலும் நீக்க இயலாது, குறைக்கவே இயலும். ஆகவே பாதை கட்டலாமா என்று மட்டும் கேட்டு நிற்றல் போதாது. எவ்வாறு கட்டினால் இம்சை மிகக் குறையும் என்றும் கேட்க வேண்டும். நீர் வற்றிய கோடையில், கூடுகட்டும் பருவம் கழிந்தபின் கட்டுதல். கூடுகளுக்கு அருகே செல்லாமல் விளிம்போடு நிறுத்துதல். பல பாதைகளை விடுத்து ஒரே பாதை அமைத்தல். விளக்கு, ஒலிபெருக்கி இவற்றை விலக்குதல் என விடைகள் தாமே தோன்றும்.

நம் குணவிரதங்கள் இதற்குச் சிறந்த வழிகாட்டிகள். இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன் என்று எல்லை வகுப்பது திக்விரதம். பலகைப் பாதையின் கைப்பிடிச் சட்டம் அவ்வெல்லையே. பயனின்றி இழைக்கும் தீங்கை நீக்குவது அநர்த்ததண்ட விரதம். பறவை பறப்பதைப் பார்க்கக் கைதட்டுதல், கூட்டருகே சென்று படம் பிடித்தல், தின்பண்ட உறையை நீரில் எறிதல் யாவும் அநர்த்ததண்டம். பாதை இல்லாத ஏரியில் மக்கள் செல்லாமல் இருப்பதில்லை. கால் போன இடமெல்லாம் செல்கின்றனர். நல்ல பாதை நூறு தடங்களை ஒரு தடமாகச் சுருக்குகிறது. எவரும் புகலாகாத இடங்களும் இருக்கவே வேண்டும். ஆனால் வலிய காலுடையார் எல்லோரும் ஏறிச் சென்று காணும் ஓர் இடத்தில், தளர்ந்தவரை மட்டும் தடுத்துவிட்டு அதனைப் பறவைக்கு இரங்குதல் என்று கூறுவது பொருந்தாது.

நம் நாட்டில் கண்டவை

பறவைக்கு இரங்கும் பண்பு நம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. வேடந்தாங்கல் மக்கள் தம் ஊர் ஏரிக்கு வரும் நாரைகளையும் கொக்குகளையும் பல தலைமுறைகளாகக் காத்து வருகின்றனர். வெள்ளையர் காலத்தில் பறவைகள் சுடப்பட்டபோது அவர்கள் முறையிட்டு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பாரிடம் அப்பாதுகாப்புக்கு ஒப்புதல் பெற்றனர். பறவை எச்சத்தால் வளமுற்ற ஏரிநீர் அவர்தம் வயல்களுக்கு உரமாயிற்று. சுமார் 30 ஹெக்டேர் மட்டுமே பரப்புள்ள அவ்வேரி 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. தீபாவளியை மகாவீரர் முக்தியடைந்த நாளாகக் கொண்டாடும் நமக்கு, அவ்வூரார் நோற்கும் இந்நோன்பு வணங்கத்தக்கது.

மனிதர் வழியை மறியாமையில்தான் நாம் பின்தங்கியுள்ளோம். சென்னை மெரினா கடற்கரையில், சக்கர நாற்காலியில் இருப்போரும் அலையருகே செல்லுமாறு ஏறத்தாழ 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை 2022 நவம்பர் 27-இல் திறக்கப்பட்டது. பிறந்தது முதல் அந்நகரிலேயே வாழ்ந்தும் அலையில் கால் நனைக்காதவர் பலர் அன்று முதன்முதலாகக் கடலருகே சென்றனர். இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டது. மரப்பாதையை ஒருமுறை கட்டுவது போதாது. ஆண்டுதோறும் காக்க வேண்டும் என்பதையும் அப்புயல் கற்பித்தது.

சட்டமும் வழி காட்டுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி என்பார் 2005-இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிக்குரிய அடிப்படை விதிகள் வெறும் அறிவுரைகளாக நில்லாமல் கட்டாய விதிகளாக வகுக்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. ஆயினும் சட்டத்திற்கு அஞ்சிக் கட்டும் சாய்தளம் பெரும்பாலும் செங்குத்தாகவே அமைகிறது. அன்பினால் கட்டுவதே ஒன்றுக்குப் பன்னிரண்டாக நீளும்.

காலின்றி மிதித்தல்

பாகாயத்தையும் ஏரியையும் பற்றிப் பேசும் நாம் பாலாற்றை மறந்து செல்ல இயலாது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் நிலத்தையும் நீரையும் கெடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் வழங்கிய தீர்ப்பு உலகறிந்தது. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்ற ஆய்வுக் கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி அதில் நிலைநாட்டப்பட்டது. 2025 ஜனவரி 30-இலும் அந்நீதிமன்றம் இச்சிக்கல் தீரவில்லை என்று கண்டு மீண்டும் ஆணைகள் பிறப்பிக்க நேர்ந்தது.

நம்முள் பலர் தோற்பொருள் தொடுவதில்லை, அது நன்றே. ஆனால் 'நாம் தொடவில்லை' என்று கூறி அமைந்துவிட்டால் கெட்டுப்போன நீர் தெளிந்துவிடுமா? அத்தொழிலை நம்பி வாழும் ஏழை மக்கள்மீது வெறுப்புக் கொள்வதும் அறமாகாது. நாம் இங்குக் காண வேண்டிய உண்மை ஒன்றே. அந்நீரில் மடிந்த மீனையும் நத்தையையும் எவரும் காலால் மிதிக்கவில்லை. தொலைவிலிருந்தே, பாராமலே, ஓர் உயிரின் வாழ்வை மறிக்க இயலும். மிதியாமை மட்டும் அகிம்சையாகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

நம் வாயிற்படி

இறுதியாக நம் இல்லத்திற்கே திரும்புவோம். திருமலை, வள்ளிமலை, பொன்னூர் மலை என நம் திருத்தலங்கள் பல மலைமேல் அமைந்தவை. பாறையைப் பெயர்த்துச் சாலையிடுமாறு நாம் கூறவில்லை. அது வேறோர் இம்சையாகும். ஆனால் ஊர்தோறும் சமதரையிலுள்ள நம் ஜினாலயங்களிலும், சமுதாயக் கூடங்களிலும், இரண்டோ மூன்றோ படிகள் நம் பெரியவர்களை வெளியே நிறுத்தி வைத்திருக்கின்றனவே, அவற்றுக்கு நாம் கூறும் விடை என்ன? கேட்டால், 'சொன்னால் தூக்கிச் செல்வோமே' என்கிறோம். ஒவ்வொரு நாளும் நால்வரைக் கூப்பிட்டுத் தரிசனம் செய்ய யாருக்கு மனம் வரும்? சில நாள் கழித்து அவர்கள் வருவதை நிறுத்திவிடுகின்றனர். அவர்கள் வராததைக் கண்டு, 'வருபவர் எவரும் இல்லையே, சாய்தளம் எதற்கு?' என்று நாம் கேட்கிறோம்.

பாகாயத்திலிருந்து திரும்பியபின் பெரியம்மாவின் ஊர்க் கோயில் வாயிலை அளந்தோம். மூன்று படிகள், உயரம் ஒன்றரை அடி. கணக்குப்படி 18 அடி நீளச் சாய்தளம் வேண்டியிருந்தது. ஊரார் கூடிப் பேசினர். 'கோயில் அழகு கெடும்' என்றார் ஒருவர். 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்றார் மற்றொருவர். முடிவில், பக்கவாயிலை ஒட்டிச் சொரசொரப்பான கல் பரப்பி, இருபுறமும் விளிம்பு கட்டி, பங்குனி முடிவதற்குள் அமைத்துவிட்டனர். மகாவீர ஜயந்தியன்று பெரியம்மா, பேரன் பின்னால் வெறுமனே நடந்துவர, இடக்கையால் சக்கரத்தைச் சுழற்றியும் இடக்காலால் தரையை உந்தியும், இருமுறை நின்று இளைப்பாறி, தாமே உள்ளே சென்றார். அவர் பின்னால், அதுவரை கைத்தடியோடு வெளித்திண்ணையிலேயே அமர்ந்திருந்த மூதாட்டியர் இருவரும் அச்சாய்தளத்தின் வழியே உள்ளே வந்தனர். அவர்கள் வெளியே இருந்ததை நாம் அதற்குமுன் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஏரிக்கரைக்கு 108 அடிச் சாய்தளமும், கரையோரம் ஒரு சிறு மறைவறையும் வேண்டி உரியவர்களுக்கு விண்ணப்பம் அனுப்பியுள்ளோம். நீர் குறையும் கோடையில் வேலையைத் தொடங்குமாறும், கூடுள்ள மரங்களின் பக்கம் செல்லாதிருக்குமாறும் அதில் எழுதியுள்ளோம். விடை இன்னும் வரவில்லை. வரும் கார்த்திகையில் பறவைகள் வந்துவிடும். பெரியம்மா இப்போதே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

சிராவக அன்பர்கள் தத்தம் ஊர்க் கோயில் வாயிலை ஒருமுறை அளந்து பார்க்குமாறு வேண்டுகிறோம். நான்கு முழம் நிலம் நோக்கி நடக்கக் கற்றவர்கள் நாம். நமக்குப் பின்னால் வருபவரையும் சற்றே திரும்பி நோக்குவோமாக.

வாழ்க ஜினதருமம்! வளர்க உயிரிரக்கம்!